குளக்கரைக்கு இலுப்பை வேண்டும்

திண்டுக்கல் சமவெளியில் எண்ணெய் தரும் மரம் என்றதும் தென்னைதான் நினைவுக்கு வரும். நிலக்கோட்டை, வத்தலக்குண்டுப் பக்கம் வாய்க்கால் பாயும் நிலத்துக்கு அது ஏற்ற பயிர். ஆனால் வேடசந்தூர், குஜிலியம்பாறை போன்ற மானாவாரிப் பகுதிகளில் போர்த் தண்ணீரை நம்பித் தென்னை வைப்பது ஆபத்தான கணக்கு. மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தோடு முடிந்துவிடுகிறது. காய்க்கும் தென்னைக்கோ கோடையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீர் தேவை. இந்த மண்ணுக்கு உரிய எண்ணெய் மரங்கள் இலுப்பையும் புங்கனும்தான். வேர் பிடித்தபின் அவை பாசனம் கேட்பதில்லை; குளக்கரையும் வரப்பும் போதும். இலுப்பைப் பழத்தின் சதையை வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையை உதிர்க்கும். அதைப் பொறுக்கி, ஓடு நீக்கி, பருப்பை வெயிலில் காயவைத்துச் செக்கில் ஆட்டினால் விளக்குக்கும் சோப்புக்கும் எண்ணெய் கிடைக்கும். புங்கன் காற்றின் தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். அதன் பிண்ணாக்கு வயலுக்கு உரம்.

காட்டாமணக்கின் கதை மறந்துவிட்டதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2009-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் பெட்ரோலிலும் டீசலிலும் 20 சதவீதம் உயிரி எரிபொருள் கலப்பதை இலக்காக வைத்தது. தரிசில் தண்ணீரின்றிக் காய்த்துக் கொட்டும் என்ற நம்பிக்கையில் அந்த ஆண்டுகளில் உயிரி டீசலுக்காகக் காட்டாமணக்கு பரவியது. விளைச்சலும் வரவில்லை, வாங்கவும் ஆளில்லை. விவசாயி தன் நிலத்தை முழுக்க ஒரே செடிக்கு ஒப்புக்கொடுத்ததுதான் நட்டத்தைப் பெரிதாக்கியது. குளக்கரை மரத்துக்காக யாரும் சோளத்தையோ கடலையையோ கைவிட வேண்டியதில்லை. கொட்டைக்கு விலை சரிந்த ஆண்டிலும் நிழலும் தழையும் மிஞ்சும்.

இலுப்பை காய்க்கப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம். அதுவரை யார் காத்திருப்பது என்பது அடுத்த கேள்வி. தனி விவசாயி காத்திருக்க முடியாது, ஊராட்சியால் முடியும். ஐந்தாறு ஆண்டில் காய்க்கத் தொடங்கும் புங்கனைக் கூடவே நட்டால் இடைக்கால வருமானமும் உண்டு. இலுப்பை விதையின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே போய்விடுவதால், உதிர்ந்த கையோடு நாற்று போட உள்ளூர் நாற்றங்கால் அவசியம். பொதுப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விடும் ஊர்களில், எண்ணெய்க் கொட்டை பொறுக்கும் உரிமையை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கே தரலாம். அவர்களிடம் செக்கும் இருந்துவிட்டால், கொட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் எண்ணெயாக்கி விற்கலாம். மரம் நடும் விழாவோடு நின்றுவிடாமல், வருமானம் யாருக்கு என்பதை ஊர் முதலிலேயே முடிவு செய்யட்டும். பலன் கிடைக்கும் என்று தெரிந்த கைகள்தான் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும்.