நஞ்சு வளர்க்கும் தோட்டம்

இங்கிலாந்தின் வடகிழக்கே ஆனிக் என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பெரிய பூங்காவினுள், இரும்புக் கதவிட்டுப் பூட்டிய சிறு தோட்டம் ஒன்று 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கதவில் மண்டையோட்டின் உருவம். 'இச்செடிகள் கொல்லவல்லவை' என்னும் எச்சரிக்கை. வழிகாட்டி உடன்வந்தாலன்றி உள்ளே செல்ல இயலாது. தொடுதல், முகர்தல், சுவைத்தல் மூன்றும் கூடா. நோய் தீர்க்கும் மூலிகைத் தோட்டங்கள் எத்தனையோ உள. கொல்லும் செடியைக் காட்டினாலன்றோ சிறுவர்க்கு ஆவல் பிறக்கும் என்று கருதினார், இதனை அமைத்த நார்தம்பர்லாந்துக் கோமகள் ஜேன் பெர்சி.

மாணவர்களே, நாம் அங்கே முதலில் தேடிக் காணத்தக்கது அயல்நாட்டுச் செடி எதுவும் அன்று. நம் குப்பைமேட்டில் தானே வளரும் ஆமணக்கே! பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த விளக்கெண்ணெயைத் தரும் செடிக்கு நஞ்சுகளின் வரிசையில் என்ன வேலை? விடை அதன் விதையில் இருக்கிறது. விதையிலுள்ள ரைசின் ஒரு புரதம். உயிரணுக்கள் தமக்கு வேண்டிய புரதங்களை ஆக்கும் தொழிலையே அது நிறுத்திவிடும். 1978இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே, பல்கேரிய எழுத்தாளர் ஜார்ஜி மார்க்கோவின் தொடையில் குண்டூசித் தலையளவே உள்ள உலோகக் குண்டு ஒன்று பாய்ந்தது. நான்கு நாட்களில் அவர் இறந்தார். அதனுள் இருந்த நஞ்சு ரைசினே என்று ஆய்ந்தோர் முடிவு செய்தனர்.

அவ்வாறாயின் விளக்கெண்ணெய் எங்ஙனம் தீங்கற்றதாயிற்று? ரைசின் எண்ணெயில் கரைவதில்லை. பிழிந்தபின் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. சிறிது கலந்திருப்பினும் காய்ச்சும் வெப்பத்தில் அழிகிறது. ஆமணக்குப் பிண்ணாக்கை நம் உழவர் மாட்டுக்கு வையாமல் நிலத்துக்கு எருவாக இடுவதன் காரணம் இதுவே.

ஊதாநிறக் குழல்மலர்களை அடுக்கடுக்காய்த் தாங்கும் டிஜிடாலிஸ் செடியும் அத்தோட்டத்தில் உண்டு. அதன் வரலாறு சுவையானது. நீர் கோத்து உடல் வீங்கும் நோய்க்கு மூதாட்டி ஒருத்தி மறைவாய்க் கையாண்டுவந்த மருந்தைப் பற்றி, 1775இல் வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரிடம் கருத்துக் கேட்டனர். அதில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட பச்சிலைகள் இருந்தன. வேலை செய்வது டிஜிடாலிஸ் ஒன்றே என்று அவர் எளிதில் கண்டுகொண்டார்; அளவைக் கண்டறியவோ ஆண்டுகள் பல ஆயின. 1785இல்தான் தம் நூலை வெளியிட்டார். சிறிதளவு இதயத்துக்குத் துணை. சற்றே மிகின் வாந்தி, காண்பதெல்லாம் மஞ்சளாய்த் தோன்றுதல், முடிவில் இதயமே நின்றுபோதல். குமட்டலோ நாடித்தளர்ச்சியோ தலைகாட்டிய அக்கணமே மருந்தை நிறுத்தவேண்டும் என்று விதரிங் எழுதிவைத்தார். இன்றும் இவ்வினச் செடியிலிருந்து எடுக்கும் டிஜாக்சினைக் கொடுக்கும் மருத்துவர், நோயாளியின் இரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துப் பார்ப்பதுண்டு.