உப்பளக் கேமரா சென்னையில் ஏன் தெரிவதில்லை?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கின்றன உப்பளங்கள். கோடையில் வாரிக் குவித்த உப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன் மூடிக் காப்பாற்றியாக வேண்டும். அந்த உப்புக் குவியலையும் நீர் இறைக்கும் மோட்டாரையும் வெளியூரிலிருந்தே பார்த்துக்கொள்ளக் கேமரா மாட்ட நினைப்பவருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. வயர் முனைகளில் பச்சை பூத்துவிடும். முனையைத் துடைக்கலாம், மாற்றலாம். அடுத்த தடை கண்ணுக்கே தெரியாது.

உப்பளக் கிடங்கில் நிற்கும்போது கைப்பேசியில் படம் பளிச்சென்று ஓடும். சென்னைக்குப் போனால் திரை கறுப்பு. கேமரா மாட்டியவர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வேர்டிங் சரியாகத்தான் போட்டிருப்பார்: வெளியிலிருந்து இந்த எண்ணுக்கு வரும் அழைப்பைக் கேமராவுக்குத் தள்ளிவிடு என்பதுதான் அந்தக் கட்டளை. அழைப்பு ரவுட்டர் வரைக்கும் வந்தால்தானே தள்ளிவிட?

மூல காரணம் முகவரிப் பஞ்சம். ஐபிவி4 என்ற பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுப்புகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில், ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் அமைப்பு அளந்து கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் இணையத்துக்கு வந்ததோ அதற்குப் பிறகு. அதனால் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிடுகின்றன. சிஜிநாட் என்பது அந்த ஏற்பாட்டின் பெயர். ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம் இருப்பதுபோல: உள்ளேயிருந்து போகும் கடிதத்துக்குப் பதில் வந்து சேரும், வெளியிலிருந்து புதிதாக வரும் கடிதம் எந்தக் குடித்தனத்துக்கு என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் காட்டும் வெளி முகவரியும், 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் ஐபிவி4 முகவரியும் வேறுவேறாக இருந்தால் பெரும்பாலும் சிஜிநாட்தான். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. இந்த நிலையில் ரவுட்டரை மாற்றுவதும், மாறும் முகவரியை ஒரு பெயரோடு இணைத்துத் தரும் டைனமிக் டிஎன்எஸ் சேவைக்குப் பணம் கட்டுவதும் வீண்.

சேவை நிறுவனத்துக்குக் கூடுதல் பணம் கட்டினால் கிடைப்பது ஸ்டேட்டிக் ஐபி, அதாவது நமக்கென்றே மாறாத ஒரு பொது முகவரி. அது வேண்டாமென்றால், கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்காமல் உள்ளேயிருந்தே வெளியே அழைக்க வேண்டும். கிடங்கில் ராஸ்பெரி பை போன்ற ஒரு குட்டிக் கணினி, அதிலும் கைப்பேசியிலும் டெயில்ஸ்கேல் என்ற செயலி: இரண்டும் வெளியே போய் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும், நேர்வழி கிடைக்காவிட்டால் இடையில் ஒரு சர்வர் தகவலைக் கடத்திவிடும். தானே செய்துகொள்ளத் தெரிந்தவர் பொது முகவரியுள்ள ஒரு வாடகை சர்வரில் வயர்கார்டு என்ற மென்பொருளை நிறுவலாம். கிடங்குக் கணினியை அதற்கு 25 விநாடிக்கு ஒருமுறை சிறு துடிப்பு அனுப்பச் சொல்லிவிட்டால், சேவை நிறுவனத்தின் சிஜிநாட் பட்டியலில் வழி அழியாமல் இருக்கும். கியூஆர் கோடு ஸ்கேன் செய்து பார்க்கும் கேமரா செயலிகளும் இதே பாணிதான். ஆனால் அங்கே நம்ப வேண்டியது கேமரா நிறுவனத்தின் சர்வரை.

பாதுகாப்புக்கும் இந்த வழியே மேல். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் படையாகத் திரட்டியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின் மீது அது நடத்திய தாக்குதலில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்கு முடங்கின.

உண்மையான தீர்வு ஐபிவி6. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரலாம். 2016-இல் ஜியோ வந்த பிறகு ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. ஆனாலும் ரவுட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும். நிறுவனம் கொடுத்த பல ரவுட்டர்களில் ஃபயர்வால் அமைப்புப் பக்கத்தைத் திறக்கவே வாடிக்கையாளருக்கு அனுமதியில்லை. மாதாமாதம் பணம் கட்டுபவரிடம் தன் வீட்டுக் கதவின் சாவியே இல்லாதது அநியாயம். புது இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் மூன்றைக் கேட்டுவிட வேண்டும்: ஐபிவி6 உண்டா, அதன் ஃபயர்வாலை நாமே மாற்ற முடியுமா, ஸ்டேட்டிக் ஐபிக்கு மாதம் எவ்வளவு.