அட்டையும் கோலப்பொடியும்: சேர்ந்து சிந்திக்கும் கலை

பலர் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் யோசனைகள் தாமாகவே பெருகும் என்ற பழைய நம்பிக்கைக்குச் செய்முறை வடிவம் கொடுத்துப் புகழ்பெற்றவர் அமெரிக்க விளம்பரத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன். பிபிடிஓ என்ற பெரிய விளம்பர நிறுவனத்தின் பங்குதாரர்களுள் ஒருவரான இவர், 1953இல் வெளிவந்த 'அப்ளைடு இமேஜினேஷன்' என்ற நூலில், பின்னாளில் உலகெங்கும் அலுவலகங்களில் பிரெயின்ஸ்டார்மிங் என்று வழங்கப்பட்ட கூட்டத்துக்கு நான்கு விதிகளை வகுத்தார்: பிறர் சொல்வதைக் குறைகூறக் கூடாது, விசித்திரமான யோசனையையும் தயங்காமல் சொல்லலாம், தரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதால் முதலில் தேவை எண்ணிக்கைதான், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்து வளர்க்கலாம். இவ்விதிகளைப் பின்பற்றும் குழுவில் சராசரி மனிதர் ஒருவர், தனியே இருக்கும்போது தோன்றுவதைப்போல் இருமடங்கு யோசனைகளைத் தருவார் என்றும் அவர் உறுதியாக எழுதினார்.

இந்த உறுதி நெடுநாள் நிலைக்கவில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ஆஸ்போர்னின் விதிப்படி கூடிப் பேசிய நால்வர் குழுக்களின் யோசனைகளையும், தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளை ஒன்றாகத் தொகுத்து, திரும்ப வந்தவற்றை ஒருமுறை மட்டும் எண்ணிக் கிடைத்த பட்டியலையும் ஒப்பிட்டபோது, தனியே யோசித்தவர்களின் பட்டியலே ஏறத்தாழ இருமடங்கு நீளமாக இருந்தது. அதன் காரணத்தை 1987இல் தெளிவாக்கியவர்கள் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஷ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள். தனித்தனி அறைகளில் அமர்ந்திருந்தவர்களையும், வேறொருவர் பேசிக்கொண்டிருப்பதை விளக்கு காட்டும் நேரமெல்லாம் வாய் திறக்கக் கூடாது என்று அவர்கள் கட்டுப்படுத்தியபோது, பிறர் முகத்தையே பார்க்காத அந்த மனிதர்களின் யோசனைகளும் குழுவில் குறைந்ததைப்போலவே குறைந்தன. ஆகவே கூட்டத்தில் சிந்தனையை முடக்குவது கூச்சமோ சோம்பலோ மட்டுமன்று, முறைக்காகக் காத்திருத்தலே பெரும் தடை என்பது தெரியவந்தது. காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறக்கிறது, அல்லது அதை நினைவில் வைத்துக்கொள்ளும் முயற்சியில் அடுத்தது தோன்றாமல் போகிறது.

இம்முடிவைக் கொண்டு கூட்டங்களே வீண் என்று தீர்ப்பளிப்பது அவசரம். சிந்தனை என்பது ஒரே வகை வேலை அன்று. அமெரிக்க உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்டு, ஒரு கேள்வியிலிருந்து பல திசைகளில் கிளை பரப்பும் விரிசிந்தனையையும், பலவற்றிலிருந்து ஒன்றை நோக்கிச் செல்லும் குவிசிந்தனையையும் பிரித்துக் காட்டினார். முன்னதற்குத் தனிமையும் அமைதியும் துணை; பின்னதற்குப் பிறர் கண்ணும் மறுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே மேசையில், ஒரே பேச்சில் நடத்த முயல்வதுதான் பெரும்பாலான கூட்டங்களின் நோய் என்று கூறலாம்.

இவ்விரண்டையும் பிரித்து அடுத்தடுத்து வைக்கும் கருவிகளுள் மிகச் செம்மையானது ஜப்பானில் உருவானது. ஜிரோ கவாகிதா (1920–2009) அடிப்படையில் புவியியலும் மானிடவியலும் பயின்றவர். 1953இல் மனாஸ்லு சிகரத்தை நோக்கிச் சென்ற ஜப்பானியக் குழுவோடு நேபாளம் சென்று, இமயமலைச் சிற்றூர்களைப் பற்றிய குறிப்புகளை மலைபோல் சேர்த்துக்கொண்டு திரும்பியவர். களத்தில் கண்டதும் கேட்டதுமாகச் சேர்ந்த இத்தகைய துண்டுச் செய்திகளிலிருந்து ஒரு முழு உருவத்தை எவ்வாறு பெறுவது என்ற சிக்கலே அவருடைய முறைக்கு வித்தாயிற்று. குடும்பப் பெயரை முன்வைக்கும் ஜப்பானிய வழக்கப்படி அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு கே.ஜே. முறை என்று அழைக்கப்படும் அதை, 1967இல் வெளிவந்த 'ஹஸ்ஸோஹோ' என்ற சிறு நூலின் வழியாக அவர் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார்.

முறை பார்வைக்கு எளியது: ஒவ்வொருவரும் பேசாமல், ஓர் அட்டையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் எழுதுவர், அட்டைகளை எல்லாம் பரப்பி வைத்து, ஒன்றுக்கொன்று உறவுடையனவாகத் தோன்றுபவற்றை அருகருகே நகர்த்துவர், ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தலைப்பு எழுதுவர், தொகுதிகளுக்கிடையே உள்ள உறவைக் கோடுகளால் வரைந்து, இறுதியில் அப்படத்தை உரைநடையாக எழுதியோ வாயால் சொல்லியோ விளக்குவர். அருமை இரண்டாம் படியில் இருக்கிறது. அட்டைகளை முன்பே தெரிந்த இனங்களில் போடக் கூடாது என்பதில் கவாகிதா மிகக் கண்டிப்பாக இருந்தார்.

எடுத்துக்காட்டாக, ஒரு கிளை நூலகத்துக்கு வருவோர் ஏன் குறைகிறார்கள் என்று வாசகர் வட்டத்தினர் அட்டை எழுதுவதாகக் கொள்ளலாம். 'கழிப்பறை பூட்டியே இருக்கிறது', 'கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு', 'வாசலில் விளக்கு எரிவதில்லை', 'போட்டித் தேர்வு நூல் ஒரு பிரதிதான் உள்ளது', 'படிக்கும் மேசையை அரசியல் பேசுவோர் பிடித்துக்கொள்கிறார்கள்' என்று அட்டைகள் வந்தால், பழக்கப்பட்ட கை கழிப்பறையையும் விளக்கையும் 'அடிப்படை வசதி' என்ற தலைப்பிலும், பேருந்தைப் 'போக்குவரத்து' என்ற தலைப்பிலும், மேசையை 'நிர்வாகம்' என்ற தலைப்பிலும் பிரித்து வைத்துவிடும். அந்தப் பட்டியலைத் துறைக்கு மனுவாக அனுப்பலாம், ஆனால் அதில் எவரும் அறியாத செய்தி எதுவும் இராது. இனப்பெயரை மறந்து அட்டைகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பவருக்கோ கழிப்பறை, பேருந்து, விளக்கு, மேசை ஆகிய நான்கும் மெல்ல ஒன்றையொன்று நெருங்கி, 'மாலையில் பெண்கள் தங்க முடியாத இடமாக நூலகம் இருக்கிறது' என்ற வாக்கியமாகத் திரளும். அந்த வாக்கியத்தை எந்த அட்டையும் சொல்லவில்லை. தலைப்பு என்பது ஒற்றைச் சொல்லாக இல்லாமல் பொருள் முற்றிய வாக்கியமாக இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. எந்தத் தொகுதியிலும் சேராத அட்டையை வலிந்து சேர்க்காமல் தனியாகவே விடவேண்டும் என்பதும் இம்முறையின் விதி. ஜப்பானியர் அதைத் தனித்துத் திரியும் ஓநாய் என்பர்.

தர்க்க நூலார் பொதுவிதியிலிருந்து தனிநிகழ்வுக்கு இறங்குவதை உய்த்தறிதல் என்றும், பல தனிநிகழ்வுகளிலிருந்து பொதுவிதிக்கு ஏறுவதைத் தொகுத்தறிதல் என்றும் கூறுவர். இவை இரண்டிலும் அடங்காமல், சிதறிக் கிடக்கும் செய்திகளை விளக்கக்கூடிய ஓர் ஊகத்தை முதன்முதலாக எழுப்பும் மூன்றாவது வகையை அமெரிக்க மெய்யியலாளர் சார்லஸ் பர்ஸ் முன்வைத்தார். தம் அட்டைமுறை இந்த மூன்றாவது வகைக்கு உரியது என்று கவாகிதா கருதினார்.

நிர்வாகத் துறையில் இம்முறை வேறு பெயரில் பரவியது. ஜப்பானியத் தரக்கட்டுப்பாட்டு அறிஞர்கள் 1970களின் இறுதியில் தொகுத்த ஏழு புதிய கருவிகளுள் 'அஃபினிட்டி டயகிராம்' என்ற ஒன்று இதன் வழிவந்ததே. சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, இந்தியாவிலேயே முதலாவதாக 1998இல் தரத்துக்கான டெமிங் விருதைப் பெற்ற காலத்திலிருந்து முழுமைத் தர மேலாண்மை தமிழகத் தொழிற்சாலைகளில் பழகிய பேச்சாகிவிட்டது. பொறியியல் மாணவர்களும் இக்கருவிகளைத் தேர்வுக்காகப் படிக்கிறார்கள். ஆயினும் பயிற்சி வகுப்புகளில் நடப்பது பெரும்பாலும் அட்டைகளைத் தெரிந்த தலைப்புகளின் கீழ் அடுக்கும் வேலையே. அதைக் கவாகிதா ஏற்றிருப்பார் என்று தோன்றவில்லை.

அட்டை முறைக்கு முற்றிலும் எதிர்த்திசையில், மனிதர்களை ஒரே அறைக்குள் கொண்டுவராமலே சேர்ந்து சிந்திக்கவைக்கும் டெல்ஃபி முறை, 1950களில் கலிஃபோர்னியாவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. வல்லுநர்கள் ஒருவரையொருவர் அறியாமல் வினாத்தாளுக்கு விடை எழுதுவர். விடைகளும் காரணங்களும் பெயரின்றித் தொகுக்கப்பட்டு அவர்களிடமே திரும்பும். விரும்பினால் மாற்றி எழுதலாம். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைக்க எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும் என்ற கொடிய கேள்வியோடு ஏழு வல்லுநர்களிடம் நடத்தப்பட்ட முதற்சோதனையில், தொடக்கத்தில் 50 முதல் 5,000 வரை சிதறியிருந்த மதிப்பீடுகள், பல சுற்றுகளுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாட்டுக்குள் வந்தன. மூத்தவர் முகத்துக்காக விடையை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை இம்முறை தடுக்கிறது என்பது உண்மை. ஒத்த கருத்து வேறு, சரியான கருத்து வேறு என்பதை மட்டும் அது தீர்த்துவைப்பதில்லை.

எழுதத் தெரிந்தவர்களுக்கே உரியவை இவ்விரு கருவிகளும். எழுத்தறியாதவரும் சேர்ந்து சிந்திக்கும் வழி 1980களின் இறுதியில் இந்தியச் சிற்றூர்களில்தான் முழு உருப்பெற்றது. குஜராத்தில் ஆகா கான் ஊரக உதவித் திட்டமும் கர்நாடகத்தில் மைராடா தொண்டு நிறுவனமும் செய்துபார்த்து, பிரிட்டனின் ராபர்ட் சேம்பர்ஸ் உலகறியச் செய்த பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்ற அம்முறையில், ஊர்மக்கள் கோலப்பொடி, செங்கல் தூள், புளியங்கொட்டை, இலை, கல் ஆகியவற்றைக் கொண்டு தங்கள் தெருக்களையும் வீடுகளையும் குளம் கிணறுகளையும் தரையில் வரைவர்; எந்த மாதத்தில் வேலை இல்லை, எந்த மாதத்தில் கடன் ஏறுகிறது என்பதைக் கொட்டைகளின் எண்ணிக்கையால் காட்டுவர். அதிகாரியின் வேலை குச்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது. தாளில் எழுதுகோல் பிடித்திருப்பவரே அதிகாரம் பெறுகிறார். தரையிலோ சுற்றி நிற்பவர் எவரும் குனிந்து ஒரு கோட்டை அழித்து மாற்றலாம், ஒருவர் தவறாக வைத்த கிணற்றை இன்னொருவர் நகர்த்தலாம். தமிழ்நாட்டில் புதுவாழ்வுத் திட்டத்தின்போது ஏழைக் குடும்பங்களை அடையாளம் காண நடந்த மக்கள் நிலை ஆய்வு இம்மரபைச் சேர்ந்தது. வேளாண் கல்லூரி மாணவர்கள் கிராமங்களில் தங்கும் நாட்களில் தெருவில் கலர்ப்பொடியால் வரையும் வரைபடங்களும் இதன் வழியே வந்தவை.

ஆயினும் இம்முறையைப் பற்றிய கூர்மையான விமர்சனமும் மேற்கிந்தியப் பழங்குடிக் கிராமங்களில் பணிபுரிந்த அனுபவத்திலிருந்தே எழுந்தது. மானிடவியலாளர் டேவிட் மோஸ் 1994இல் எழுதிய கட்டுரையில், ஊர்ப் பொதுவிடத்தில் வெளியார் முன்னிலையில் நடக்கும் வரைபடப் பணியில், செல்வாக்குள்ள ஆண்களின் தேவையே ஊரின் தேவையாகப் பதிவாவதையும், பெண்கள் அத்தகைய இடத்துக்கும் நேரத்துக்கும் வர இயலாமையையும், பெண்களுடைய அறிவு அவ்வாறு பொதுவில் விளக்கிக் காட்டும் வடிவத்துக்கு எளிதில் அடங்காமையையும் எடுத்துக்காட்டினார். இதன் பின்னர்ப் பல குழுக்கள் பெண்களைத் தனியே, அவர்களுக்கு ஒழியும் நேரத்தில், அவர்கள் தெருவிலேயே வரையச் சொல்லி, பிறகு ஆண்களின் வரைபடத்தையும் அதையும் அருகருகே வைத்து ஊராரைப் பேசவைக்கும் வழக்கத்தை மேற்கொண்டன. விறகு எங்கே கிடைக்கிறது, எந்தக் குழாயடியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, எந்தப் பாதையில் இருட்டிய பின் நடக்க முடியாது என்பன போன்ற செய்திகள் ஒரு படத்தில் இடம்பெற்று மற்றதில் இல்லாமல் போகும்போது, விவாதிக்க வேண்டியது எது என்பதைத் தனியாக ஒருவர் எடுத்துச் சொல்லத் தேவைப்படுவதில்லை.