குளிரின் பாதையில் – 6: மின்தடை மறைந்த மாலை

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில், 1908 ஜூலை 10 அன்று ஹீலியம் முதன்முதலாகத் திரவமானதைச் சென்ற வாரம் பார்த்தோம். கிடைத்தது சுமார் 60 மில்லி லிட்டர். வெப்பநிலை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். கெல்வின் கணக்கில் 4.2.

அந்த ஹீலியம் வந்த வழியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. அது மணலிலிருந்து வந்தது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறதே மோனசைட், அதே கனிமம்தான். லைடனுக்கு வந்து சேர்ந்தது அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது சிதையும்போது வெளிவரும் ஆல்பாத் துகள்தான் ஹீலியத்தின் அணுக்கரு. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மணிகளுக்குள் சிறைப்பட்டுக் கிடந்த அந்த வாயுவைச் சூடேற்றி வெளியேற்றி, திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து சேர்த்தார்கள்.

திரவம் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது? ஆய்வகத் தலைவர் காமர்லிங் ஓன்னஸ் மனதில் ஒரு கேள்வி இருந்தது: குளிர் ஏற ஏற, உலோகத்தின் மின்தடை என்ன ஆகும்? எலெக்ட்ரான்களே உறைந்து நின்றுவிடும், தடை எல்லையில்லாமல் ஏறும் என்பது லார்டு கெல்வினின் கணிப்பு. இல்லை, குறைந்துகொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொடும் என்றனர் வேறு சிலர். பிளாட்டினத்தையும் தங்கத்தையும் சோதித்தபோது தடை ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் நின்றது. உலோகத்தில் கலந்திருக்கும் மாசுதான் காரணம் என்று ஓன்னஸ் நினைத்தார். மாசே இல்லாத உலோகம் வேண்டும். பாதரசத்தைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அதைக் காய்ச்சி வடித்து வடித்தே மிகத் தூய்மையாக்கிவிடலாம்.

ஆனால் பாதரசத்தைக் கம்பியாக இழுக்க முடியாதே! மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் நிரப்பிக் குளிரவைத்தால், உள்ளேயே உறைந்து கம்பியாகிவிடும். உறையும்போது சுருங்கி எங்காவது அறுந்தால் எல்லாம் வீண். அந்தக் குழாய்களைச் செய்து தந்தவர் கண்ணாடிக் கலைஞர் கெஸ்ஸெல்ரிங். ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரத்திலிருந்து அதை ஆவியாக விடாமல் தனிக் கலத்துக்கு மாற்றும் ஏற்பாட்டைக் கவனித்தவர் தொழில்நுட்ப வல்லுநர் ஃபிளிம். இந்த ஒரு வேலை கைகூடவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின.

1911 ஏப்ரல் 8. காலை ஏழு மணிக்கே வேலை தொடங்கியது. பம்புகளின் அதிர்வு கால்வனோமீட்டரைக் கெடுத்துவிடும். அதனால் தடையை அளந்த இளைஞர் ஹோல்ஸ்ட் தள்ளி வேறோர் அறையில் இருந்தார். 4.3 கெல்வினில் அளந்தபோது பாதரசத்தில் தடை இருந்தது. பிறகு ஹீலியத்தின் மேலிருந்த ஆவியைப் பம்பு வைத்து உறிஞ்சி, வெப்பநிலையை 3 கெல்வின் வரை இறக்கினார்கள். மாலை நான்கு மணிக்கு மறுபடி அளந்தார்கள். தடை கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று குறிப்பேட்டில் பென்சிலால் எழுதினார் ஓன்னஸ்.

பூஜ்யத்தை அவர் எதிர்பார்த்தே இருந்தார். எதிர்பாராதது அடுத்த சோதனைகளில் தெரிந்தது. தடை மெல்ல மெல்லத் தேயவில்லை. 4.2 கெல்வின் அருகே, படிக்கட்டிலிருந்து விழுந்ததுபோல் ஒரேயடியாக மறைந்தது. மின்கடத்தலின் இந்தப் புதிய நிலையைத்தான் இன்று மீக்கடத்தல் என்கிறோம். மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தவர்களில் பெரும்பாலோர் மீக்கடத்திச் சுருளுக்கு நடுவேதான் படுத்திருப்பார்கள்.

1911-ஆம் ஆண்டின் அந்த ஆய்வுக்கட்டுரைகளில் ஆசிரியராக ஓன்னஸின் பெயர் மட்டுமே இருக்கிறது. 1913-இல் நோபல் பரிசும் அவருக்கே. தகுதியானவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பெருமையில் பெரிய பங்கு வேறிடத்தில் இருக்கிறது என்பேன். கருவி செய்யும் இளைஞர்களைப் பழக்க 1901-இலேயே ஆய்வகத்தோடு ஒரு பள்ளியை வளர்த்தார். நீலச் சீருடையில் வந்த அந்தப் பையன்களை ஊரார் 'நீலப் பையன்கள்' என்றே அழைத்தார்கள். கண்ணாடி ஊதவும் உலோகம் கடையவும் வால்வு பொருத்தவும் தெரிந்த கைகள் இல்லாமல் ஓர் இயற்பியல் துறை தன் கேள்விகளை எழுப்பலாம். விடையைப் பெற முடியாது. பல்கலைக்கழகம் என்றால் வகுப்பறையும் நூலகமும் மட்டும் என்று எண்ணுகிறவர்கள் லைடனின் பட்டறையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே ஏப்ரல் 8-ஆம் தேதிக் குறிப்பேட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது. இன்னும் கீழே குளிரவைத்தபோது, கொதித்துக்கொண்டிருந்த ஹீலியம் திடீரென்று கொதிப்பதை நிறுத்திவிட்டது. பார்த்தார்கள், எழுதிவைத்தார்கள், கடந்து போனார்கள். அதன் பொருள் உலகுக்கு விளங்க இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த ஹீலியத்துக்கு என்ன நேர்ந்தது? அடுத்த வாரம்.

(தொடரும்)