முற்றத்து முதுமரங்கள் – 6: பொந்து விழுந்த பலா

கடந்த வாரம் வேரடியில் நீர் தேங்குவதால் வரும் கேட்டோடு கட்டுரை நின்றது. தொடர்ந்து படித்து வருவோருக்கு அதற்கு மேல் நினைவூட்டல் தேவையில்லை. முதிய பலாவுக்கு எருவிடும் முறை இவ்வாரம் விளக்கப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தாலும், அதற்கு முன் பொந்தைப் பற்றிப் பேசியாக வேண்டியிருக்கிறது.

பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை என்று கண்டியைச் சூழ்ந்த ஊர்களின் வீட்டுத் தோட்டங்களில், மிளகுக்கொடி ஏறிய பலாவும் அதன் நிழலில் கோப்பியும் சாதிக்காயும் கராம்பும் நெருங்கி வளர்வது வழக்கம். அத்தகைய தோட்டத்தின் மூத்த மரத்தில், கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பங்கசு பற்றிப் பொந்து விழுந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது சீமெந்துதான். இந்த எண்ணம் கண்டிக்கே உரியதன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வாழ்ந்த ஜோன் டேவி, 'மர வைத்தியர்' என்று பொருள்படும் தலைப்பில் 1901இல் ஒரு நூலை வெளியிட்டார். அக்காலந்தொட்டு, பொந்தைச் சுரண்டிக் கொங்கிரீட்டால் நிரப்புவது அங்கே ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

அதன் அடிப்படையைத் தகர்த்தவர் அமெரிக்க வனசேவையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலிவாளால் நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்த அவர், 1970களில் வெளியிட்ட முடிவு வியப்பானது: மரத்துக்குப் புண் ஆறுவதே இல்லை. விலங்குடலில் சிதைந்த இழையம் இருந்த இடத்திலேயே புதிய இழையம் தோன்றுகிறது. மரமோ சிதைந்ததை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றித் தடைகளை எழுப்பிச் சிறைவைக்கிறது. 'அறைப்படுத்தல்' எனப்படும் இந்த ஏற்பாட்டில் தடைகள் நான்கு. நீர் ஏறும் குழாய்களை மேலும் கீழும் அடைக்கும் முதல் தடையே மிக மெலிந்தது என்பதால்தான் அழுகல் தண்டின் நெடுக ஓடுகிறது. உள்நோக்கியும் பக்கவாட்டிலும் பரவுவதை மறிக்கும் அடுத்த இரண்டும் நடுத்தரமானவை. பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலிருந்து இரண்டையும் ஆக்கும் மெல்லிய உயிர்ப்படையான மாறிழையம், காயம் பட்ட பின்னர் புதிதாக எழுப்பும் நான்காவது தடையே யாவற்றிலும் வலியது. ஆகவே வைரம், அதாவது முன்பே உயிரற்றுப்போன நடுமரம், முற்றாக உளுத்துவிட்ட பலாவும் வெளிப்படையின் பலத்தில் ஆண்டுக்கணக்கில் காய்க்கக்கூடும்.

நல்ல மரம் தென்படும்வரை உளியால் சுரண்டுபவர் உடைப்பது அந்தத் தடையைத்தான். நீர் வடியட்டுமெனத் துளையிடுபவர் செய்வதும் அதுவே. காற்றில் மரம் அசையும், சீமெந்து அசையாது. இடையில் உண்டாகும் இடுக்கில் நீர் தங்கும். தார் பூசுவதும் அழுகலை நிறுத்துவதில்லை. செய்யத்தக்கது சொற்பமே: உதிர்ந்த மக்கைக் கையால் அள்ளிவிட்டுப் பொந்தைத் திறந்தபடி விடலாம், பட்ட கிளையைத் தண்டோடு ஒட்ட வெட்டாமல், அதன் அடியில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே அறுக்கலாம். பலா தண்டிலும் பெருங்கிளைகளிலுமே காய்ப்பதால், வேண்டாத வெட்டு ஒவ்வொன்றும் பொலொஸ் கறியையும் குறைக்கும்.

ஓடு மெலிந்து வீட்டுப்பக்கம் சாய்ந்த மரத்தின் கதை வேறு. ஆனால் அதை வீழ்த்தவும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் அச்சட்டத்தின் காப்பில் இருப்பவை. பலாவின் பெருமையைப் பேசும்போது, நாடெங்கும் பலா நடும் இயக்கம் நடத்திக் 'கொஸ் மாமா' எனப் பெயர்பெற்ற பாணந்துறை ஆர்தர் வி. டயஸை (1886–1960) ஒரு வரியில் கடப்பது தகாது. எருவோடு அவரும் அடுத்த வாரத்துக்கு.