கேக்குக்கு எந்த ஆப்பிள்? சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

நம் ஊர்ப் பக்கம் ஆப்பிள் என்றாலே ஆஸ்பத்திரி ஞாபகம்தான். உடம்புக்கு முடியாமல் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது நாலு ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிப் போவது வழக்கம். தில்லிக்குக் குடிவந்த பிறகுதான், அது தெருவில் வண்டி வண்டியாகக் குவிந்து கிடக்கும் சாதாரணப் பழம் என்பது தெரிய வருகிறது. ஆனால் தெரிந்து வாங்குகிறோமா?

மயூர் விஹாரில் குடித்தனம் செய்யும் ஒரு குமாஸ்தாவின் வீட்டில், நவம்பர் மாதக் கடைசியில் மகளுக்குப் பத்தாவது பிறந்த நாள். கடை கேக் 700 ரூபாய் என்றார்கள். சம்பளம் வர இன்னும் நாள் இருந்தது.

"பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மா ஆப்பிள் கேக் சொல்லிக் கொடுத்திருக்காங்க. குக்கர்லயே செஞ்சிடலாம். முதல்ல ஒரு தடவை செஞ்சு பார்க்கிறேன். நீங்க நல்ல ஆப்பிளா ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க" என்றார் மனைவி.

குமாஸ்தா வண்டியிலேயே சிவந்த, பளபளப்பான பழமாகப் பார்த்து கிலோ 220 ரூபாய்க்கு வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. கேக் மேலே வெந்திருந்தது, நடுவில் களி. ஆப்பிள் துண்டுகள் இருந்த இடமே தெரியவில்லை. வாயில் போட்டால் வெறும் தித்திப்பு.

"நல்லதா வாங்கச் சொன்னேனே!"

"அதைவிட நல்ல பழம் அந்த வண்டியிலேயே கிடையாது!"

விழுப்புரத்திலிருந்து வந்திருந்த குமாஸ்தாவின் தாயார் குறுக்கிட்டார். "ஏம்பா, ஊறுகாய் போடப் பழுத்த மாம்பழமா வாங்குவோம்? திங்கிறதுக்கு ஒண்ணு, ஊறுகாய்க்கு ஒண்ணு. இதுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும். விசாரிச்சுப் பாரு."

சொன்னவர் கேக்கைத் தொடவில்லை. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலைமாட்டில் வைத்த ஆப்பிள் வைத்தபடியே இருந்தது. அன்று முதல் அவர் ஆப்பிள் சாப்பிட்டதில்லை.

புளிப்பு வேண்டும், கெட்டி வேண்டும்

அந்த அம்மாள் சொன்னது உண்மைதான். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். அடுப்பில் வேகும்போது சதையைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இளகுகிறது. மாவு மாவாக இருக்கும் பழம் உடனே குழைந்து, தண்ணீரைக் கேக் மாவில் விட்டுவிடும். கெட்டியான பழம் துண்டு துண்டாக நிற்கும். கேக்கில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால், பழத்தில் புளிப்பு இருந்தால்தான் ருசி எடுபடும்.

சிவப்பு ஆப்பிள் வந்த கதையும் சுவையானது. 1870இல் குலு பள்ளத்தாக்கில் பந்த்ரோல் என்ற ஊரில் காப்டன் லீ என்ற ஆங்கிலேயர் தோட்டம் போட்டார். அந்த இங்கிலாந்து ரகங்களில் புளிப்பு அதிகம். நம் நாட்டவருக்குப் பிடிக்கவில்லை. 1904இல் இந்தியா வந்து சிம்லாவுக்கு அப்பால் கோட்கட்டில் குடியேறிய அமெரிக்கர் சாமுவேல் ஸ்டோக்ஸ், 1916இல் தம் நாட்டிலிருந்து 'ரெட் டெலிஷியஸ்' கன்றுகளைக் கொண்டு வந்து நட்டார். இனிப்பும் நிறமும் மக்களைக் கவர்ந்தன. இமாச்சல மலைகள் ஆப்பிள் தோட்டங்களாயின. கையில் வைத்துக் கடித்துத் தின்ன அது அருமையான பழம். அடுப்புக்குத்தான் ஒத்து வராது.

எதை வாங்கலாம்?

காஷ்மீரின் 'மகாராஜி' ரகம் அக்டோபர் கடைசிக்கு மேல் வரும். பெரிய காய், பச்சையின் மேல் சிவப்பு ஓடி, வெள்ளைப் புள்ளிகள் தெரியும். கல்போலக் கெட்டி, நல்ல புளிப்பு. அதனாலேயே பலர் ஒதுக்குவார்கள். விலையும் குறைவாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் தோன்றிய 'கிரானி ஸ்மித்' என்ற பச்சை ஆப்பிளும் கேக்குக்கு ஏற்றது. ஆனால் விலை அதிகம். மஞ்சள் நிற 'கோல்டன்' கிடைத்தால், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொள்ளலாம்.

பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. வண்டிக்காரரிடம் "கட்டா சேப்" என்று கேளுங்கள். புளிப்பு ஆப்பிள் என்று பொருள். பழத்தின் சிவப்பைப் பார்க்காமல் அடியிலுள்ள நிறத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் நல்லது. நன்றாக மஞ்சளித்திருந்தால் கனிந்துவிட்டது. காம்புக்குப் பக்கத்தில் கட்டை விரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுங்கள். புதுப்பழம் ஜூலை முதல் நவம்பர் வரைதான். மற்ற மாதங்களில் வருவது பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்குச் சரக்கு. ஒன்றை வெட்டிக் காட்டச் சொல்லி வாங்குவது உத்தமம்.

தித்திப்புப் பழம்தான் வீட்டில் இருக்கிறதா? துண்டுகளை வாணலியில் ஐந்து நிமிஷம் புரட்டித் தண்ணீரை வற்றவிட்டு, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள்.

சிறிய கேக்குக்கு இரண்டு ஆப்பிள், சுமார் 300 கிராம் போதும். அரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி மாவில் கலக்க வேண்டும். குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, அதன் மேல் ஒரு வளையம் வைத்து, காஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிஷம் சூடாக்கவும். பிறகு கேக் பாத்திரத்தை உள்ளே வைத்துச் சிறு தீயில் 45 நிமிஷம் விடவும். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. நடுவில் குச்சியைச் செருகி எடுத்தால் மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

பிறந்த நாளன்று

குமாஸ்தா இந்த முறை யாரும் சீந்தாத மகாராஜியைக் கிலோ 120 ரூபாய்க்கு வாங்கி வந்தார். "இதுவா?" என்று மனைவி முகம் சுளித்தார். நறுக்கி ஒரு துண்டு வாயில் போட்டதும் கண்ணை மூடிக் கொண்டார். "மாங்காய் மாதிரி இருக்கு அத்தை!"

மாலையில் கேக்கை வெட்டியபோது துண்டுகள் துண்டுகளாகவே நின்றன. பேத்தி முதல் துண்டைப் பாட்டியிடம் நீட்டினாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தை நீட்டிய கையை மடக்கவில்லை. பாட்டி வாங்கி ஒரு விள்ளல் வாயில் போட்டுக் கொண்டார்.

"எப்படி இருக்கு அத்தை?"

"புளிப்பா, நல்லா இருக்கும்மா. ஆஸ்பத்திரி ஞாபகம் வரல" என்றார் அந்த அம்மாள். பிறகு அவரே தட்டை நீட்டி இன்னொரு துண்டு கேட்டார்.