சான்றிதழ் எவ்வளவு பாரம் தாங்கும்?

பொறியியல் பட்டம் என்பது ஒருவர் சில பாடங்களைப் படித்தார், அவற்றில் நடந்த தேர்வுகளில் தேறினார் என்பதற்கான சான்று. பொறியாளர் உரிமம் அதற்கு ஒரு படி மேல். மூத்தவர்களின் கீழ் சில ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறார், இன்னொரு சோதனையையும் தாண்டியிருக்கிறார் என்று அது சொல்கிறது. இரண்டுமே நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுபவை. நாளை ஓர் ஆற்றின் குறுக்கே எழப்போகும் பாலத்துக்கு அவர் சரியாகக் கணக்குப் போடுவாரா, கணக்குத் தப்பினால் நேரத்தோடு கண்டுகொள்வாரா என்பதை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்தைப் பொறியியல் வரலாறு பல முறை சோதித்திருக்கிறது. சில முறை உயிர்களை விலையாகக் கேட்டு.

பட்டம் வருவதற்கு முன்பே தொழில் இருந்தது. பிரான்சில் பாலங்களுக்கும் சாலைகளுக்குமான அரசுப் பள்ளி 1747-இலேயே தொடங்கிவிட்டது. சென்னையில்கூட நில அளவைப் பள்ளி 1794-இல் வந்துவிட்டது. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். ஆனால் தொழிற்புரட்சியின் தாயகமான பிரிட்டனில் பொறியாளர்கள் பட்டறையிலும் வேலைத்தளத்திலும்தான் உருவானார்கள். 1761-இல் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாயை அமைத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி ஆலைச் சக்கரங்கள் செய்து பழகியவர்; எழுதப் படிக்கத் தடுமாறியவர். லண்டனில் 1818-இல் தொடங்கிய சிவில் பொறியாளர் கழகத்தின் முதல் தலைவர் தாமஸ் டெல்ஃபோர்ட் கல்தச்சராக வாழ்க்கையைத் தொடங்கியவர். இன்று அந்தக் கழகத்தில் உறுப்பினராக என்னென்ன தகுதிகள் கேட்கிறார்கள் என்று பார்த்தால் இந்தத் தகவல் சற்று வேடிக்கையாகவே இருக்கும்.

பிரான்சில் இதே காலத்தில் ஒரு நேரடிப் போட்டியே நடந்ததுபோல் ஆயிற்று. உத்திரங்கள் வளைவதற்கான கோட்பாட்டுக்கு வடிவம் கொடுத்த நேவியர், நாட்டின் மிக உயர்ந்த பொறியியல் பள்ளிகளில் படித்து அவற்றிலேயே பாடம் நடத்தியவர். பாரிஸில் அவர் வடிவமைத்த தொங்குபாலம் 1826-இல் முடியும் தறுவாயில், சங்கிலிகளைப் பிடித்திருந்த நங்கூரப் பகுதியில் மண் நகர்ந்தது. சரிசெய்திருக்கலாம் என்று கருதியவர்கள் உண்டு. ஆனாலும் பாலம் கழற்றப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே, அந்தப் பள்ளிகளில் படிக்காத மார்க் செகின், ரோன் ஆற்றின் மீது துர்னோன் ஊரருகே கம்பிவடத் தொங்குபாலம் ஒன்றைக் கட்டி முடித்திருந்தார்.

இப்படிப்பட்ட கதைகள் எல்லோருக்கும் பிடிக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக் கதையை முடித்துவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது.

வில்லியம் மல்ஹாலண்ட் 1855-இல் அயர்லாந்தில் பிறந்து, 1877-இல் அந்த நகருக்கு வந்து சேர்ந்தவர். நகரின் நீர்க் கால்வாய்களில் தூர் வாரும் வேலையில் தொடங்கினார். இரவில் புத்தகங்களைத் தேடிப் படித்து, படிப்படியாக உயர்ந்து, நீர் வழங்கல் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. 1913-இல் அவர் முடித்த நீர்வழி, ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 375 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஒரு பம்பும் இல்லாமல், சரிவை மட்டுமே நம்பித் தண்ணீரைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதன் பிறகு அவர் சொல்லை மறுத்துப் பேச நகரில் ஆளில்லை.

1924-இல் சான் ஃபிரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கில் செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற கான்கிரீட் அணையைக் கட்டத் தொடங்கினார். வேலை தொடங்கிய பிறகு, கூடுதலாக நீரைத் தேக்குவதற்காக அணையின் உயரம் இரண்டு முறை பத்துப் பத்து அடியாக ஏற்றப்பட்டது; அதற்கேற்ப அடிப்பாகம் அகலப்படுத்தப்படவில்லை. ஒரு கரையில் இருந்த பாறை காய்ந்திருக்கும்போது உறுதியானது, நனைந்தால் உதிர்ந்துபோவது. மறு கரை ஒரு பழங்கால நிலச்சரிவின் மிச்சம். அணையின் அடியில் ஊறும் நீர் கட்டுமானத்தை மேல்நோக்கித் தள்ளும் என்பது அக்காலப் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஆனால் அந்த நீரை வெளியேற்றும் குழாய்கள் நடுப்பகுதியில் மட்டுமே வைக்கப்பட்டன.

1928 மார்ச் 12 காலை, அணைக் காவலர் புதிய கசிவு ஒன்றைக் கண்டு தகவல் அனுப்பினார். தண்ணீர் கலங்கலாக வந்ததுபோல் தெரிந்தது. கலங்கல் என்றால் அடித்தளம் கரைகிறது என்று பொருள். மல்ஹாலண்ட் நேரில் வந்து, சுமார் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பினார். அன்று நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு அணை உடைந்தது. வெள்ளம் கடல் வரை ஓடியது. குறைந்தது 431 பேர் இறந்தார்கள். அந்தக் காவலரும் அவர்களில் ஒருவர்.

பட்டம் பெற்ற ஒருவர் கட்டியிருந்தால் அணை நின்றிருக்குமா? அடிநீரின் தள்ளுவிசையை அவர் கணக்கில் எடுத்திருக்கக்கூடும். பழைய நிலச்சரிவை அன்றைய அறிவைக் கொண்டு எத்தனை பேர் அடையாளம் கண்டிருப்பார்கள் என்பது ஐயமே. மரண விசாரணை நடத்திய நடுவர் குழு மல்ஹாலண்டின் படிப்பைப் பெரிதுபடுத்தவில்லை. எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒரு தனி மனிதரின் முடிவை மட்டும் நம்பி ஒரு பெரிய அணையைக் கட்டவோ இயக்கவோ கூடாது என்பதே அது சொன்ன முக்கியமான விஷயம். சொந்தப் பொறியியல் துறை வைத்திருந்த நகராட்சிகளின் அணைகளுக்கு அதுவரை மாநிலத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கு இருந்தது. 1929-இல் அந்த விலக்கு போனது. அதே ஆண்டில் சிவில் பொறியாளர்கள் அரசிடம் பதிவு செய்தே தொழில் நடத்த வேண்டும் என்ற சட்டமும் வந்தது. தகுதிச் சான்று கட்டாயமானதற்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு பேரழிவு இருக்கும்.

அந்தச் சான்று எல்லாம் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு, செயின்ட் ஃபிரான்சிஸ் அணை உடைவதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு கனடாவில் நடந்த விபத்தே சாட்சி. கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது உலகின் மிக நீளமான கேன்டிலீவர் பாலத்தை எழுப்பும் பணி, நியூயார்க்கில் இருந்த தியடோர் கூப்பரின் ஆலோசனையில் நடந்தது. அவர் 1858-இல் ரென்சலர் கல்லூரியில் பட்டம் பெற்றவர். ரயில் பாலங்களுக்கு எவ்வளவு பாரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அவர் வகுத்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வட அமெரிக்காவில் இந்த வேலைக்கு அவரைவிடத் தகுதியானவரைத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்.

நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டச் சொன்னவர் அவர்தான். நீளம் கூடினால் பாலத்தின் தன் எடையும் கூடும். அந்த எடையை யாரும் திரும்பக் கணக்கிடவில்லை. உண்மையான எடை கூடுதல் என்று பின்னர் தெரிய வந்தபோது பெரும்பகுதி எஃகு ஏற்கெனவே தயாராகிவிட்டது. தாங்கும் என்று கூப்பர் விட்டுவிட்டார். அவருடைய திட்டத்தை இன்னொரு பொறியாளர் பரிசீலிக்கட்டும் என்று கனடிய அரசுத் துறையில் ஒரு யோசனை எழுந்தது. கூப்பர் அதைத் தனக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டார், யோசனை கைவிடப்பட்டது. உடல்நலம் குன்றியிருந்ததால், பாலத்தின் இரும்புப் பகுதி எழத் தொடங்கிய பிறகு அவர் ஒரு முறைகூட அங்கே போகவில்லை.

போனது அவருடைய பிரதிநிதியான ஓர் இளைஞர். கல்லூரியை விட்டு வந்து மூன்றே ஆண்டுகள் ஆனவர். 1907 ஆகஸ்டில், பாலத்தின் கீழ்ப்பகுதியில் அழுத்தத்தைத் தாங்கும் உறுப்புகள் வளைந்துவருவதை அவர் அளந்து எழுதினார். தொழிற்சாலையிலிருந்தே அப்படி வளைந்துதான் வந்திருக்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஆனால் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு ஆகஸ்ட் 27 அன்று இரண்டேகால் அங்குலமாகியிருந்தது. அவர் ரயிலேறி நியூயார்க் போய்க் கூப்பரிடம் காட்டினார். கூப்பருக்கு உடனே புரிந்தது. மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று பென்சில்வேனியாவில் இருந்த கட்டுமான நிறுவனத்துக்குத் தந்தி கொடுத்தார். தந்தி பாலத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஆகஸ்ட் 29 மாலை, வேலை முடியும் நேரத்தில், பாலம் சில விநாடிகளில் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். அவர்களில் 30-க்கும் மேற்பட்டவர்கள் மோஹாக் பழங்குடியினரின் ஒரே குடியிருப்பைச் சேர்ந்த எஃகுத் தொழிலாளர்கள்.

விசாரணை ஆணையம் கூப்பரையும் நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறியாளரையும் பொறுப்பாளிகள் என்றது. இருவருக்கும் தொழிலறிவு குறைவு என்றோ, கடமையில் அசட்டை என்றோ அது சொல்லவில்லை. அக்காலத்தின் மிகக் கடினமான வேலையொன்றில் அவர்களின் திறமை சோதிக்கப்பட்டது, அது போதவில்லை என்பதே அதன் முடிவு. பொறியியலில் திறமை என்பது எப்போதும் குறிப்பிட்ட ஒரு வேலைக்கான திறமைதான். நூறு பாலங்களைச் சரியாகக் கட்டியவருக்கு நூற்றொன்றாவது பாலம் புது வகையாக அமைந்துவிட்டால், பழைய நூறும் முழு உத்தரவாதம் ஆகாது. வளைவைக் கவனித்து அளந்தவர் அனுபவம் குறைந்த ஓர் இளைஞர் என்பதும் யோசிக்க வேண்டியது. அவர் கண்டதை அங்கேயே வேலையை நிறுத்தும் ஆணையாக மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை.

சான்றைவிட முத்திரை இன்னும் சிக்கலானது. உரிமம் பெற்ற பொறியாளர் ஒரு வரைபடத்தில் தன் முத்திரையைப் பதித்தால், அதைச் சரிபார்த்துப் பொறுப்பேற்கிறார் என்று பொருள். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜன்சி ஓட்டலின் கூடத்தில் இரண்டு நடைபாலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கூரையிலிருந்து தொங்கின. மூல வடிவமைப்பில் ஒரே நீண்ட கம்பி இரண்டையும் தாங்க வேண்டும். வேலைக்கு வசதியாக இருக்கும் என்று கம்பி இரண்டாக வெட்டப்பட்டு, கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்தே தொங்கவிடப்பட்டது. ஒரு கயிற்றை இருவர் மேலும் கீழுமாகப் பிடித்துத் தொங்குவதற்குப் பதிலாக, கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் காலைப் பிடித்துத் தொங்குவது போன்றது இது. மேல் பாலத்தின் இணைப்பில் பாரம் இரட்டித்தது. மாற்றிய வரைபடத்தில் முத்திரை இருந்தது; கணக்கு இல்லை. 1981 ஜூலை 17 அன்று நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தனர். மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்த இணைப்பு விதிமுறை கேட்ட வலிமையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டைத்தான் எட்டியிருக்கும் என்று ஆய்வில் தெரிந்தது. பொறியாளர்கள் இருவர் உரிமத்தை இழந்தார்கள்.

தேர்வு ஏன் இதையெல்லாம் பிடிப்பதில்லை? தேர்வுத் தாளில் எல்லா எண்களும் கொடுக்கப்பட்டிருக்கும். விடை ஒன்று உண்டு என்பதும் நிச்சயம். வேலைத்தளத்தில் மண்ணின் வலிமை தெரியாது, காண்டிராக்டர் இடையில் எதையாவது மாற்றுவார், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே பாதி வேலை. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் உரிம முறைகள் அனுபவத்தையும் கேட்கின்றன. அமெரிக்க மாநிலங்களில் பட்டம் பெற்றவரும் பொதுவாக நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே உரிமம் பெற முடியும். அப்போதும், தனக்குத் தெரிந்த துறையில் மட்டும் வேலையை ஏற்க வேண்டும் என்பது பெரும்பாலும் பொறியாளரின் மனசாட்சிக்கே விடப்படுகிறது.

இலங்கையில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பொறியாளர்களின் பதிவுக்குத் தனி மன்றத்தை அமைத்தது. இந்தியாவில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இலேயே சட்டம் வந்துவிட்டது. பொறியாளர்களுக்கு அதற்கு நிகரான நாடு தழுவிய சட்டம் இல்லை. பொறியியல் படிப்புகளின் தரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014-இல் இரு நாடுகளும் முழு உறுப்பினர்களாயின. ஆனால் அது கல்லூரிப் படிப்பைப் பற்றியது. படித்து முடித்தவர் பின்னாளில் என்ன கட்டுகிறார் என்பது அதன் வரம்புக்குள் வராது.

மல்ஹாலண்டுக்கும் கூப்பருக்கும் பொதுவாக இருந்த குறை, அவர்களைக் கேள்வி கேட்க யாரும் இல்லாதது. அதைத் தீர்க்கும் முறைகள் ஆளின் தகுதியோடு நிற்காமல் வேலையையே சோதிக்கின்றன. ஜெர்மனியில் முக்கியமான கட்டுமானங்களின் கணக்கைச் சரிபார்க்கத் தனி அங்கீகாரம் பெற்ற பொறியாளர்கள் உண்டு. இந்தியாவிலும் பெரிய அரசுக் கட்டுமானங்களின் வடிவமைப்பை ஐஐடி போன்ற நிறுவனங்களுக்கு ‘புரூஃப் செக்கிங்’ செய்ய அனுப்பும் வழக்கம் இருக்கிறது. 1970-இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவனிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலும் எஃகுப் பெட்டி உத்திரப் பாலங்கள் கட்டும்போதே விழுந்தன. மெல்போர்னில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பிரிட்டனில் பாலங்களுக்கான சரிபார்ப்பு இறுக்கப்பட்டது. சிக்கலான பாலம் என்றால் வேறொரு நிறுவனத்தின் பொறியாளர்கள் அதை முதலிலிருந்து கணக்கிட வேண்டும். அவர்களுக்கு வரைபடங்கள் தரப்படும். வடிவமைத்தவரின் கணக்குத் தாள்கள் தரப்படமாட்டா.